வெட்டு மெசின் பிடிக்கும்போது விடுகிற பிழைகள்

காலபோக (மாரி மழையோடு செய்கிற) நெல் வெட்டு தொடங்கிவிட்டால் கிளிநொச்சியில் பரந்தன், முரசுமோட்டை, உருத்திரபுரம் பக்கம் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும், நெல்லை வெட்டி அடித்துத் தூற்றித் தரும் மெசினைக் கூலிக்குப் பிடிக்கிற கதைதான்: "அந்த மெசின் ஏக்கருக்கு எவ்வளவாம்?" கேட்பதில் பிழையில்லை, அதோடு விசாரணையை முடித்துக்கொள்வதுதான் பிழை. கூலியில் ஆயிரம் ரூபா குறைத்த மெசின் ஏக்கருக்கு ஐம்பது கிலோ நெல்லை வயலிலேயே விட்டுவிட்டுப் போனால் அது மலிவா என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

எவ்வளவு சிந்துகிறது என்று பார்க்கப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். மெசின் ஒரு சுற்றுப் போனதும் பின்னால் இறங்கி, வைக்கோலை நன்றாக உதறி விலக்கிவிட்டு, ஒரு மீற்றர் சதுரத்துக்குள் கிடக்கிற மணிகளை எண்ணுங்கள். நாட்டரிசி நெல்லில் ஆயிரம் மணி ஏறக்குறைய 25 கிராம், ஒரு ஏக்கர் 4,000 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட. ஆக, சதுர மீற்றருக்குப் பத்து மணி என்றால் ஏக்கருக்கு ஒரு கிலோ, ஐந்நூறு மணி என்றால் ஐம்பது கிலோ. சம்பா மணி சிறிது, அதற்கு இன்னும் குறையும். வைக்கோல் விழுந்த வரிசைக்குக் கீழே மட்டும் எண்ணினால் கணக்குக் கூடிக் காட்டும், அதனால் வெட்டிய அகலத்தில் இரண்டு மூன்று இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். வெட்டாத பக்கத்திலும் ஒருதரம் எண்ணிப் பார்க்கவேண்டும், ஏனென்றால் முற்றிப்போய்த் தானாக உதிர்ந்த நெல்லுக்கும் டிறைவரைத் திட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கீழே கிடப்பது எப்படிக் கிடக்கிறது என்பதும் ஒரு சாட்சி. முழுக் கதிராகக் கிடந்தால் முன்பக்கத்துப் பிழை: கத்தி மழுங்கியிருக்கும், அல்லது ஓட்டம் வேகம். வைக்கோலுக்குள்ளேயே மணி சிக்கியிருந்தால் மெசினுக்குள் தாங்கமுடியாத அளவு பயிரைத் திணிக்கிறார் என்று அர்த்தம். பதரோடு நல்ல நெல் பறந்து கிடந்தால், மெசினுக்குள் பதரை ஊதித் தள்ளும் காற்றாடியின் வேகம் கூட. இதில்தான் கனபேர் ஏமாறுகிறார்கள். நெல் பதரில்லாமல் பளிச்சென்று கொட்டுவதைப் பார்த்து "அச்சா மெசின்" என்று சந்தோசப்படுவார்கள், அந்தப் பளிச்சுக்காகப் போன நெல் பின்னால் கிடக்கும். கொட்டுகிற நெல்லில் ஒரு கை அள்ளியும் பாருங்கள், உமி கழன்ற அரிசி நிறையத் தெரிந்தால் அடிக்கிற உருளையின் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இந்தக் கொம்பனிப் பெயர்ச் சண்டை. குபோட்டாவா, யன்மாரா, கிளாஸா என்று வரம்பில் நின்று வாதாடுவதில் அதிகம் பிரயோசனமில்லை. ஒரே ரக மெசின் இரண்டு, இரண்டு டிறைவர் கையில் இரண்டு மாதிரி வெட்டும். பெயரைவிடக் கத்தி, சல்லடை, பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஈரம் காயாத வயலுக்குச் சில்லுப் பூட்டியதைவிட றப்பர் செயினில் (பட்டியில்) ஓடும் மெசின் நல்லது, அவ்வளவுதான். ஆனால் அதற்காகத் தண்ணீரைக் கடைசிவரை வயலில் வைத்திருக்கவும் கூடாது. வெட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்னரே வடித்துவிடாவிட்டால் செயின் மெசினும் தடம் போடும், அடுத்த உழவில் அந்தப் பள்ளத்தைச் சமன்படுத்தும் செலவு உங்களுடையது.

ஏக்கர்க் கணக்கா, மணித்தியாலக் கணக்கா என்று முன்னரே பேசாமல் விடுவதும் வழக்கம். ஏக்கருக்குப் பேசினால் ஓட்டம் பறக்கும், மணித்தியாலத்துக்குப் பேசினால் ஒவ்வொரு மூலையிலும் ஆறுதலாகத் திரும்பும். பயிர் நேராக நின்றால் ஏக்கருக்குப் பேசி வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். சாய்ந்த பயிருக்கு ஏக்கர்க் கணக்கில் பொறுமையாக வெட்ட எந்த டிறைவருக்கும் மனம் வராது, அதற்கு மணித்தியாலம்தான் சரி. புதையும் நேரம், பழுதாகும் நேரம் யார் தலையில் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களின் கீழ் தண்ணீர் ஒன்றாகத் திறந்து, விதைப்பும் ஒன்றாக நடப்பதால் வெட்டும் ஒரே நேரத்தில்தான் வரும். அந்த நெருக்கடியில் தனியாக மெசின் தேடினால் கேட்ட விலை கொடுக்கவேண்டியதுதான். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்த காணிக்காரர் சேர்ந்து பேசினால் விலையும் இறங்கும், மெசினும் வேறிடம் போகாமல் நிற்கும். பிந்திவிடுவோமோ என்ற பயத்தில் காலைப் பனியோடு மெசினை இறக்காதீர்கள். ஈர வைக்கோல் உள்ளே அடைத்துக்கொள்ளும், நெல்லும் கூடச் சிந்தும். வெயில் ஏறட்டும்.

மெசினிலிருந்து கொட்டும் நெல்லில் 20 வீதத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். மூடை கட்டி அப்படியே ஒரு இரவு அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரம் 14 வீதத்துக்குள் இருக்கவேண்டும். அதனால் மெசின் வர முன்னரே படங்கும் காயப்போடும் இடமும் தயாராக இருக்கட்டும்.

மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், வெட்டிச் சிதறடித்த பிறகு கத்திப் பயனில்லை.

விதைநெல்லுக்கு வைக்கிற துண்டை மட்டும் வந்த மெசின் வந்தபடி இறங்க விடாதீர்கள். அநுராதபுரம், பொலன்னறுவை என்று பல வயல் வெட்டிவிட்டு வருகிற மெசினின் பெட்டிக்குள்ளும் சல்லடையிலும் வேறு இன நெல்லும் களைநெல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் சாப்பாட்டு நெல்லை வெட்டவிட்டு, மூடிகளைத் திறந்து துப்புரவாக்கிய பிறகு விதைநெல் துண்டுக்குள் இறக்குங்கள். அந்த வேலைக்கு டிறைவர் தனியாகக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.