மாங்காய் பறிப்பு நாளில் குளோர்ப்ரோமசின்: வீட்டார் கவனிக்க

பினோதயசின் என்ற வேதிக் குடும்பத்து மனநோய் மருந்துகளில் மூத்தது குளோர்ப்ரோமசின். 1950-ல் பிரான்சில் உருவானது, 1952-ல் பாரிஸில் மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம், அடங்காத பதற்றம் இவற்றுக்குத் தருவார்கள். நாள்கணக்கில் நிற்காத விக்கலுக்கும் கொடுப்பதுண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாந்தோப்பு வேலைக்குப் போகிறவர் இதைச் சாப்பிட்டால், முதலில் பயப்பட வேண்டியது வெயிலுக்குத்தான். தோல் சீக்கிரம் சிவந்து எரியும். வருடக்கணக்கில் அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு வெயில் படும் இடம் நீலம் கலந்த சாம்பல் நிறமாகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து உள்சூடு. உடம்புச் சூட்டைச் சீராக்கும் மூளையின் வேலையை மருந்து தடுமாற வைக்கும், வியர்வையும் குறையும். கைநடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்து எழுதியிருந்தால் வியர்வை இன்னும் குறையும். ஆகவே சித்திரை, வைகாசியில் காலை 10 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் மாலை 4 மணிக்கு மேல். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு கட்டாயம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், நீர்மோர், கேழ்வரகுக் கூழ் கொடுங்கள். மரம் ஏற விடாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். படுக்கையிலிருந்து எழும்போதும் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும்.

மருந்து தொடங்கிய முதல் சில நாளில், குறிப்பாக இளவட்டங்களுக்கு, கழுத்து ஒருபக்கம் இழுக்கும், கண் மேலே செருகும். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போனால் அவர் படும் வேதனைதான் நீளும். ஆஸ்பத்திரியில் ப்ரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும். அதுவும் இதே பினோதயசின் குடும்பம்தான்!

கடும் காய்ச்சலோடு கைகால் கட்டைபோல் விறைத்து, பேச்சும் குழம்பினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உடனே 108. வெயில் தாக்கமா, மருந்தின் வினையா என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டுமே உயிரைப் பறிக்கும். தொண்டை வலியோடு காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டி வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலை நாள்கணக்கில் விடக்கூடாது. நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் (அமிலத்தை முறிக்கும் மருந்து) குளோர்ப்ரோமசினின் வேலையைக் குறைக்கும், 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வாந்திக்கு ஸ்டெமெட்டிலைக் (ப்ரோகுளோர்பெரசின், அதுவும் பினோதயசின்தான்) கடையில் நீங்களாக வாங்கிச் சேர்க்காதீர்கள், மேலே சொன்ன கழுத்து இழுப்பும் தூக்கமும் கூடும். சாராயம் கூடவே கூடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். ஆள் தெளிந்துவிட்டாரே என்று திடீரென நிறுத்தவும் வேண்டாம், குறைப்பதானால் டாக்டர் சொல்லிப் படிப்படியாக. இரவில் சந்தேகம் வந்தால் மனநல ஆலோசனைக்கு 14416-ல் தமிழிலேயே பேசலாம்.