கைவேலைப் பொருளில் ஒளிந்திருக்கும் புதையல்: தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1979 ஆகஸ்டில் ஓர் இரவு, கிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய ஓவியர் தன் கையால் செய்த தங்க முயல் ஒன்றை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ஆம்ப்ட்ஹில் பூங்காவில் புதைத்தார். 18 கேரட் தங்கம், கற்கள் பதித்தது. சாட்சியாக பாம்பர் காஸ்கோய்ன் என்ற தொலைக்காட்சித் தொகுப்பாளர் மட்டும் கூட இருந்தார். புதைத்த இடத்துக்கான வழியைத் தான் வரைந்த ஓவியங்களுக்குள் ஒளித்து, 'மாஸ்கரேட்' என்ற படப்புத்தகமாக வெளியிட்டார். அவர் ஒளித்த வழியை முறைப்படி கண்டுபிடிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின.

ஒரு புதையல் வேட்டையில் எங்கெல்லாம் சறுக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஓவியம், சிற்பம், மண்பாண்டம், பின்னல் என்று கையால் செய்த எந்தப் பொருளுக்குள் புதிர் இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இதைச் செய்தவர் எப்படிச் செய்திருப்பார் என்பதைத்தான். பலர் இதைக் கேட்பதே இல்லை. எனக்கு என்ன தெரியும், அதை இதில் எங்கே பொருத்தலாம் என்றுதான் தொடங்குகிறார்கள்.

மாஸ்கரேட் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வில்லியம்ஸ் வழியைச் சொல்லிவிட்டார். கண்களைப் பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு படத்திலும் முயலைத் தேட வேண்டும் என்பது அதன் சாரம். படித்தவர்கள் அதை 'கவனமாகப் பாருங்கள்' என்ற வழக்கமான அறிவுரையாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவர் சொன்னதோ நேரடியான செய்முறை. படத்தில் உள்ள ஒவ்வோர் உருவத்தின் இடது கண்ணிலிருந்து இடது கையின் நீளமான விரல் வழியாக ஒரு கோடு இழுக்க வேண்டும். அது படத்தைச் சுற்றியுள்ள எழுத்துச் சட்டத்தில் ஓர் எழுத்தில் போய் முடியும். அப்புறம் அதே கண்ணிலிருந்து இடது காலின் நீளமான விரல் வழியாக ஒன்று. பிறகு வலது கண், வலது கை, வலது கால். எந்த உருவத்தை முதலில் எடுப்பது, எந்த விரலுக்கு அப்புறம் எந்த விரல் என்ற வரிசைக்கும் நியூட்டன் இருக்கும் ஓவியத்தில் துப்பு வைத்திருந்தார். இப்படிக் கிடைத்த எழுத்துகள் படத்துக்கு ஒரு சொல்லாகவோ தொடராகவோ சேர்ந்தன.

ஆக, முதல் தவறு, செய்தவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அலங்காரம் என்று தாண்டிப் போவது. இரண்டாவது தவறும் இங்கேயே இருக்கிறது. படத்தின் நடுவை மட்டும் பார்த்துவிட்டு ஓரத்தை விட்டுவிடுவது. சட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதியவர் சும்மா அழகுக்காக அவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார். எங்கே உழைப்பு கொட்டிக் கிடக்கிறதோ அங்கே விஷயம் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கையில் இருப்பது துணியோ பெட்டியோ என்றால் பின்பக்கம், தையல் சேரும் இடம், அடிப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். எதையும் பிரிக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிரித்த பிறகு பழைய வரிசை திரும்பக் கிடைக்காது.

மூன்றாவது தவறுதான் எல்லாவற்றிலும் மோசமானது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பது. குளோஸ்டர்ஷயரில் ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் என்ற குன்று இருக்கிறது. பெயரின் முதல் பாதி ஆங்கிலத்தில் முயலைக் குறிக்கும் சொல்லாக ஒலிப்பதால் அங்கே கூட்டம் போய்த் தேடியது. முயல் இங்கே இல்லை என்று ஒரு பலகை வைக்க வில்லியம்ஸே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பெயர் பொருந்திவிட்டது, அவ்வளவுதான் ஆதாரம். பொருந்தாத நூறு விஷயங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சரியான விடை இப்படி ஒற்றைக் காலில் நிற்காது. மாஸ்கரேட்டின் விடையைப் பாருங்கள். பதினைந்து ஓவியங்களிலிருந்து கிடைத்த சொற்கள் சேர்ந்து, கேத்தரினின் நீண்ட விரல் நிழலிடும் மண்ணில் பொருள் இருக்கிறது, பகலும் இரவும் சமமாகும் நாளின் நண்பகலைப் பார் என்று சொல்கின்றன. அந்தச் சொற்களின், தொடர்களின் முதல் எழுத்துகளை மட்டும் கோத்தால் 'ஆம்ப்ட்ஹில் அருகே' என்று தனியாக ஒரு செய்தி வருகிறது. ஆம்ப்ட்ஹில் பூங்காவில் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினின் நினைவாக ஒரு சிலுவைத் தூண் நிற்கிறது. அதுதான் அந்த 'நீண்ட விரல்'. சூரியனும் சந்திரனும் பூமியைச் சுற்றி ஆடும் இன்னோர் ஓவியத்தில், கோத்த கைகள் வசந்தகால சமநாளின் தேதியையே சுட்டுகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு வழிகள் ஒரே இடத்துக்கு வருகின்றன. நல்ல புதிர்க்காரர் இப்படி உறுதிசெய்யும் துப்புகளைத் தானே வைத்துவிட்டுத்தான் போவார். அவை அகப்படாதவரை உங்கள் விடை வெறும் ஊகம்.

அர்த்தமுள்ள வாக்கியம் கிடைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் தலைமையகத்தில் 1990இல் ஜிம் சான்பார்ன் என்ற சிற்பி நிறுவிய 'கிரிப்டாஸ்' சிற்பத்தில், செம்புத் தகட்டில் வெட்டிய சங்கேத எழுத்துகள் நான்கு பகுதிகளாக இருக்கின்றன. இரண்டாம் பகுதியின் முடிவை, 'வரிசைகளின்படி' என்ற பொருள் வரும் தொடராகப் பல ஆண்டுகள் எல்லோரும் ஏற்றிருந்தார்கள். 2006இல் சான்பார்னே முன்வந்து, தான் ஓர் எழுத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த எழுத்தைச் சேர்த்தால் அங்கே வருவது 'இரண்டாம் அடுக்கு' என்ற பொருள் தரும் வேறு தொடர். தவறான வாசிப்பும் தற்செயலாக அர்த்தத்தோடு இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கையால் செய்த பொருளில் ஓர் எழுத்து குறையலாம், கோடு இம்மி விலகலாம். ஒவ்வொரு பிசிறையும் ரகசியக் குறி என்று எடுப்பது எவ்வளவு தவறோ, பிசிறே இருக்காது என்று நம்புவதும் அவ்வளவு தவறு. உங்கள் முறை பத்து இடத்தில் சரியாக ஓடி ஓர் இடத்தில் மட்டும் இடறினால், முறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த ஓர் இடத்தைத் தனியாகக் குறித்து வைத்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்து, களத்துக்குப் போவதில் வரும் தவறுகள். நிழல், திசை, நேரம் எல்லாம் வரும் புதிர்களில் கடிகாரத்தை நம்பக் கூடாது. ஆம்ப்ட்ஹில்லில் நண்பகல் என்பது சூரியன் உச்சிக்கு வரும் நேரம். மார்ச்சில் அது கடிகாரத்தின் 12 மணிக்குச் சில நிமிடம் கழித்து வரும். செப்டம்பரில், கோடைக்காக கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைத்திருப்பதால், கிட்டத்தட்ட 1 மணி ஆகிவிடும். சமநாள் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அந்த ஊர் வடக்கே 52 பாகை அட்சரேகையில் இருக்கிறது. சமநாள் நண்பகலில், தரை சமமாக இருந்தால், தூணின் நிழல் அதன் உயரத்தைப் போல் சுமார் 1.28 மடங்கு நீளத்துக்கு நேர் வடக்கே விழும். தூணின் உயரமும் அளவு நாடாவும் திசைகாட்டியும் இருந்தால் எந்த நாளிலும் ஓரளவுக்கு இடத்தைக் குறித்துவிடலாம். திசைகாட்டி காட்டுவது காந்த வடக்கு என்பதை மட்டும் மறக்காமல் திருத்திக்கொள்ளுங்கள்.

மெட்டல் டிடெக்டரை நம்பிப் போவதும் வீண். வில்லியம்ஸ் இதை எதிர்பார்த்தே, சுட்ட மண்ணால் ஆன உறைக்குள் முயலை வைத்து மூடியிருந்தார். 1982இல் வெளியான 'தி சீக்ரெட்' என்ற புதையல் வேட்டைப் புத்தகத்துக்காக அமெரிக்கரான பைரன் பிரைஸ் புதைத்த 12 பெட்டகங்களும் பீங்கான்தான். அவற்றில் ஒன்று 2019இல் போஸ்டனில், பூங்காவில் கட்டுமான வேலை நடந்தபோது, வேலை செய்தவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்ததால் கிடைத்தது. பேசாமல் ராத்திரியில் மண்வெட்டியோடு போயிருந்தால் போலீஸ்தான் வந்திருக்கும். நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்காதீர்கள். உயிர் விஷயத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஃபாரஸ்ட் ஃபென் என்பவர் ராக்கி மலைப் பகுதியில் ஒளித்த பெட்டியைத் தேடிப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். நியாயமான புதிர்க்காரர் யாரும் ஆற்றைக் கடந்தோ செங்குத்துப் பாறையில் தொங்கியோ எடுக்கும்படி பொருளை வைப்பதில்லை. உங்கள் விடை அப்படி ஓர் இடத்தைக் காட்டினால், விடையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைசித் தவறு மனதை வருத்துவது. மாஸ்கரேட் புதிரை முறைப்படி உடைத்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். 1982 பிப்ரவரியில் சரியான இடத்துக்கே போய்த் தோண்டினார்கள், ஆனால் வெறுங்கையோடு திரும்பினார்கள். புதிரை முழுதாகத் தீர்க்காத, புனைபெயரில் வந்த வேறொருவருக்கு முயல் போய்ச் சேர்ந்தது. ஆசிரியர்கள் வெட்டிப் போட்ட மண் குவியலிலேயே அந்த மண் உறை கட்டியோடு கட்டியாகக் கிடந்தது, அவர்கள் கவனிக்கவில்லை என்றே கருதப்படுகிறது. தங்கத்தை எதிர்பார்த்த கண்ணுக்கு மண் கட்டி தெரியாமல் போயிருக்கும். அதனால் தோண்டும் முன்பே பொருள் எந்த உறையில், எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். எடுத்த மண்ணை ஒரு தார்ப்பாயில் கொட்டி, ஒவ்வொரு கட்டியையும் கையால் உடைத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகு, அதே மண்ணைப் போட்டு குழியை மூடிவிட்டு வாருங்கள்.