தென்னாப்பிரிக்காவில் புதுக் குடித்தனமா? வீட்டுக்கு ஒரு கார்ட்லெஸ் போன்

ஆளுக்கொரு செல் இருக்கும்போது வீட்டு போன் எதற்கு என்று தோன்றும். தனியாக வந்திருப்பவர்களுக்குத் தேவையே இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விட, அம்மாவோ மாமியாரோ பேரப்பிள்ளையோடு பகல் முழுக்க வீட்டில் இருக்கும் குடும்பமென்றால், வந்த முதல் மாதமே வாங்கிவிடுங்கள். காரணம், குடியிருப்பின் வாசல் கேட்.

டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் வாடகைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மதில் சுற்றிய குடியிருப்பில்தான் வீடு பிடிக்கிறார்கள். 'காம்ப்ளெக்ஸ்' என்பார்கள். வாசலில் வந்து நிற்பவர் உங்கள் வீட்டு எண்ணை அழுத்தினால், நீங்கள் பதிந்து வைத்த தொலைபேசி அடிக்கும். எடுத்து, யாரென்று கேட்டு, ஒரு எண்ணை அழுத்தினால் கேட் திறக்கும். பல இடங்களில் அது 9. உங்கள் செல் எண்ணைப் பதிந்துவிட்டு நீங்கள் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், காய்கறி கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விடுவார். வீட்டு போனைப் பதிந்தால் அம்மா அடுப்படியில் இருந்தபடியே திறந்துவிடலாம்.

அலாரமும் அப்படித்தான். இங்கே நிறைய வீடுகள் ஆயுதக் காவல் நிறுவனம் ஒன்றோடு இணைந்திருக்கும். பூனை குறுக்கே ஓடி அலாரம் அலறினாலும் உடனே அங்கிருந்து அழைத்து அடையாளச் சொல் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் விட்டுவிடுவார்கள்; இல்லையென்றால் வண்டி வந்து நிற்கும். அம்மாவுக்கு வாயில் எளிதாக வரும் சொல்லாக வையுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எதிர்முனையில் 'நாயுடு', 'கோவிந்தர்' என்று பெயர் சொன்னதும் பெரியவர்கள் ஆசையாகத் தமிழில் ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பெயர் சொல்பவர்கள் 1860 முதல் இந்தியாவிலிருந்து இங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். கோயிலும் காவடியும் விடவில்லை. பேச்சு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலம்.

எந்த வகை வாங்குவது? கடையில் இரண்டு வகை கிடைக்கும், வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று, சுவர்க் கம்பியிலோ ஃபைபர் ரௌட்டரிலோ செருகுவது. மற்றது, பேஸுக்குள், அதாவது ஹேண்ட்செட்டை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்ப வைக்கும் பெட்டிக்குள், சிம் போடுவது. என் கட்சி சிம் வகை. பழைய செம்புக் கம்பி இணைப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. கம்பித் திருட்டும் சேர்ந்துகொண்டது. ஃபைபர் வழிப் பேச்சு மலிவு, 087 என்று தொடங்கும் எண்ணோ ஊர்க் குறியோடு எண்ணோ தருவார்கள். ஆனால் எஸ்எம்எஸ் அதில் நிச்சயமில்லை. ஹேண்ட்செட் மெனுவில் எஸ்எம்எஸ் என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இணைப்புத் தருபவரிடம் அதற்கான செய்தி மையம் இருந்து, அழைப்பவர் எண் காட்டும் வசதியும் போட்டுக்கொடுத்தால்தான் அந்த மெனு வேலை செய்யும். சிம் வகையில் இந்தத் தலைவலி இல்லை. 4ஜியில் பேச முடிகிற மாடலாகப் பார்த்து எடுங்கள். 2ஜி, 3ஜி சேவைகளை மூடும் திட்டம் இந்த நாட்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் தன் பழைய கார்ட்லெஸ்ஸைத் தருகிறேன் என்றால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அங்கே 'டெக்ட் 6.0' என்று விற்பது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இங்கே அது செல் சேவைக்கு ஒதுக்கிய அலைவரிசை. நமக்கு 1880 முதல் 1900 வரை உள்ளதுதான் வேண்டும்.

சிம் வாங்க 'ரீக்கா' பதிவு, அதாவது சிம் யாருடையது என்று சட்டப்படி பதிவது, கட்டாயம். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். உங்கள் பெயரில் இன்னும் எந்த பில்லும் வந்திருக்காது; வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோங்கள். புது சிம்மில் 'பின்' (PIN) எண் பூட்டு இருந்தால், முதலில் ஒரு செல்லில் போட்டு அதை நீக்கிவிட்டு பேஸுக்கு மாற்றுங்கள். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பேஸ் அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு நின்றால் அம்மா என்ன செய்வார்?

பொருத்துவது பெரிய வேலையில்லை. ஹேண்ட்செட்டில் போடுவது ரீசார்ஜ் செய்யும் பேட்டரி. தீர்ந்துபோனால் டார்ச்சுக்கு வாங்கும் சாதாரண பேட்டரியைப் போட்டு சார்ஜில் வைத்துவிடாதீர்கள், ஒழுகும், சூடாகும். முதல் தடவை இரவு முழுக்க சார்ஜ் தொட்டிலில் விடுங்கள். இரண்டாவது ஹேண்ட்செட் சேர்க்க, பேஸில் உள்ள பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் 'ரெஜிஸ்டர்' கொடுங்கள். 'பின்' எண் கேட்டால் பெரும்பாலும் 0000. வீட்டுக்குள் ஐம்பது மீட்டர் வரை எட்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். கனத்த செங்கல் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் அவ்வளவு எட்டாது. சிம் வகையென்றால் பேஸுக்கே சிக்னல் வேண்டும், ஆகவே ஜன்னலோரம் வையுங்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட் நம் ஊரில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முனை ரகம். அடாப்டர் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

லோட் ஷெட்டிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022, 2023-இல் மிக மோசம். பிறகு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கரண்ட் போகாத ஊர் இல்லை. ஹேண்ட்செட்டில் பேட்டரி இருக்கிறதே என்று நினைப்போம். பேஸ் அணைந்தால் அது வெறும் பொம்மை. ஃபைபர் வகையில் பேஸ், ரௌட்டர், சுவரில் உள்ள ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். பேஸுக்குள்ளேயே பேட்டரி இருக்கும் மாடலைத் தேடுங்கள், அல்லது ரௌட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். வாங்குமுன் பேஸின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து அதே வோல்ட் வெளியேற்றம் உள்ளதை எடுங்கள். கரண்ட் பல மணி நேரம் வராவிட்டால் செல் டவரும் ஓய்ந்துவிடும். அப்போது சிம் வகைக்கு எதுவும் உதவாது.

எஸ்எம்எஸ் எதற்கென்றால், கூரியர். பொருள் கொண்டுவருபவர், உங்களுக்கு வந்த எண்ணைச் சொன்னால்தான் தருவேன் என்பது இங்கே சகஜம். வீட்டு போன் எண்ணைக் கொடுத்திருந்தால் அம்மாவே படித்துச் சொல்லிவிடுவார். வங்கிக்கு மட்டும் அந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் எடுத்துப் பார்க்கும் போன் அது. இந்திய வங்கிக்குக் கொடுத்திருக்கும் ஊர் சிம்மையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். 'பார்சல் நிற்கிறது, சுங்கக் கட்டணம் கட்டுங்கள்' என்று இணைப்போடு ஒரு செய்தி கட்டாயம் வரும். அது ஏமாற்று வேலை, அழித்துவிடச் சொல்லுங்கள்.

தமிழில் செய்தி அனுப்பலாமா? அனுப்பினால் பல ஹேண்ட்செட்டுகளில் வெறும் கட்டம்தான் தெரியும். தெரிந்தாலும் செலவு அதிகம்: ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70. அதிலும் 'அம்மா' என்று எழுதினால் மூன்றல்ல, ஐந்து இடம் போகும். புள்ளியும் காலும் தனிக் கணக்கு. 'saptiya' பாணியில் 'சாப்டியா'வை ஆங்கில எழுத்தில் தட்டுவதே வழி.

ஊருக்கு இதில் அழைக்காதீர்கள், ஏர்டைம், அதாவது சிம்மில் போட்ட பணம், கரைந்துவிடும். அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது. அவசரமென்றால் 00 91 போட்டு அழைக்கலாம். ஊரிலிருந்து இங்கே அழைப்பவர்கள் 00 27 போட்டு, எண்ணின் முதல் பூஜ்யத்தை விட்டுவிட வேண்டும். நமக்கு அவர்கள் மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே நள்ளிரவு. பேஸுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டியவை: போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, காவல் நிறுவனத்தின் எண், ஆங்கிலத்தில் உங்கள் முழு முகவரி. அடையாளச் சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்.