சிவில் நீதிபதி நியமன ஆணை வந்ததும் கவனிக்க வேண்டியவை: சம்பளம், தகுதிகாண் பருவம், விடுப்பு, முறையீடு

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் வென்று சிவில் நீதிபதியாகும் பலர், ஆணையில் சம்பள வரியையும் பணியிடத்தையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதை யார் தீர்மானிக்கிறார் என்பது. உங்களை நியமிப்பவர் ஆளுநர் (அரசமைப்புச் சட்டம், பிரிவு 234). பணியிடம், மாறுதல், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் (பிரிவு 235). பணம் தருவது மாநில அரசு. அந்தப் பணத்தின் அளவோ, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளிலிருந்து வருகிறது. மாறுதல் கேட்டுத் தலைமைச் செயலகத்துக்கு மனு அனுப்புவது, உயர் நீதிமன்றத்தைத் தாண்டி யாரையாவது பிடிப்பது எல்லாம் பலன் தராது. பணிப்பதிவில் கறையாக வேண்டுமானால் நிற்கும்.

பொறுப்பேற்கும் நாளில் நேரத்தையும் கவனியுங்கள். முற்பகலில் பொறுப்பேற்றால் அன்றிலிருந்தே சம்பளம். பிற்பகல் என்றால் மறுநாளிலிருந்து. பொறுப்பேற்புச் சான்றில் தேதியுடன் முற்பகலா பிற்பகலா என்று தெளிவாக எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு வேறு அரசுப் பணியில் இருந்தவர் விடுவிப்பு ஆணை, கடைசிச் சம்பளச் சான்று, பணிப்பதிவேடு மூன்றையும் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பழைய பணிக்காலத்தைச் சேர்க்கும் கோப்பு நகராது.

இப்போது சம்பளம். இரண்டாவது தேசிய நீதித்துறைச் சம்பள ஆணையம் (தலைவர் நீதிபதி பி.வெங்கடராம ரெட்டி) பரிந்துரைத்த அட்டவணையை உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் ஏற்றது, கணக்கு 1.1.2016 முதல். சிவில் நீதிபதியின் நிலை ஜே-1: ரூ.77,840 – 1,36,520. பழைய தொடக்கச் சம்பளமான ரூ.27,700-ஐ 2.81 ஆல் பெருக்கிப் பத்தின் மடங்காக்கினால் வரும் தொகை இது. ஆண்டு உயர்வு, அப்போதைய அடிப்படைச் சம்பளத்தில் 3 சதவீதம். அதாவது 77,840-க்கு அடுத்து 80,180, பிறகு 82,590, 85,070, 87,620, 90,250. சம்பளப் பட்டியலில் உள்ள எண் இந்த வரிசையில் எங்கும் இல்லையென்றால் நிர்ணயத்தில் பிழை என்று பொருள். இதன்மேல் அகவிலைப்படி தனி.

ஐந்து ஆண்டுப் பணி முடிந்தால் பதவி மாறாமலேயே ஜே-2 (தொடக்கம் ரூ.92,960), இன்னொரு ஐந்து ஆண்டில் ஜே-3 (தொடக்கம் ரூ.1,11,000). இவை தானாக வருவதில்லை. உயர் நீதிமன்றம் உங்கள் வேலையை மதிப்பிட்டு வழங்க வேண்டும். ஏதோ ஓர் ஆண்டின் மந்தண அறிக்கை (உங்கள் பணியைப் பற்றி மேலதிகாரி எழுதும் ரகசிய மதிப்பீடு) கோப்பில் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் தன்மதிப்பீட்டுப் படிவம், வழக்கு முடிவு விவரம் இரண்டையும் கொடுத்ததற்கான அத்தாட்சியைச் சேர்த்து வையுங்கள்.

சட்ட முதுநிலைப் பட்டம் உள்ளவர் மூன்று முன்கூட்டிய ஊதிய உயர்வுகளும், சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் கூடுதலாக ஒன்றும் கேட்கலாம். ஜே-1 தொடக்கத்தில் இருப்பவருக்கு மூன்று உயர்வு என்றால் 85,070. பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்! பட்டச் சான்றின் சான்றொப்பமிட்ட நகலுடன் முதன்மை மாவட்ட நீதிபதி வழியாக விண்ணப்பியுங்கள். படிகளில் பலவும் இப்படித்தான், கேட்டால்தான் வரும்: குழந்தைக் கல்விப்படி மாதம் ரூ.2,250, விடுதி மானியம் ரூ.6,750, மேலங்கிக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை ரூ.12,000. இன்னொரு நீதிமன்றத்தின் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தால், அது 10 வேலை நாளைத் தாண்டும்போது பொறுப்புப்படி உண்டு. கூடுதல் பொறுப்பு ஆணையில் தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

தகுதிகாண் பருவத்தில்தான், அதாவது புதிதாகச் சேர்ந்தவரின் பணியைச் சோதித்துப் பார்க்கும் காலத்தில்தான், பலர் ஏமாறுகிறார்கள். ஆணையில் சொல்லப்பட்ட காலம், நீங்கள் உண்மையில் பணியில் இருந்த நாட்களைக் கொண்டு கணக்கிடப்படும். நீண்ட மருத்துவ விடுப்பு எடுத்தால் முடியும் தேதி தள்ளிப்போகும். காலம் கடந்துவிட்டது என்பதாலேயே நிரந்தரம் ஆகிவிடுவதும் இல்லை. பருவம் திருப்திகரமாக முடிந்தது என்று ஆணை வர வேண்டும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே விடுப்பு விவரங்களுடன் நினைவூட்டுக் கடிதம் அனுப்புங்கள். இந்தப் பருவத்தில் காரணம் சொல்லாமல் பணியிலிருந்து விடுவிக்க முடியும். ஆனால் குற்றச்சாட்டுதான் உண்மையான அடிப்படை என்றால், விசாரணையின்றி விடுவிப்பது செல்லாது. பஞ்சாபில் தகுதிகாண் பருவத்தில் இருந்த இரு நீதிபதிகளின் வழக்கில் (ஷம்ஷேர் சிங், 1974) ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத்தான் சொன்னது. விசாரணையை அரசின் கண்காணிப்புத் துறையிடம் விட்ட உயர் நீதிமன்றத்தையும் அந்தத் தீர்ப்பு கண்டித்தது. கீழமை நீதிபதிகளைக் காக்க வேண்டிய இடம் உயர் நீதிமன்றமே என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயமானது.

விடுப்பில் ஒரு நுணுக்கம். சிவில் நீதிமன்றங்களுக்கு மே மாதக் கோடை விடுமுறை உண்டு. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்குக் கிடையாது. அதனால் எந்த நீதிமன்றத்தில் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து ஈட்டிய விடுப்பின் கணக்கு மாறும். விடுமுறைக் காலத்தில் பணி பார்த்திருந்தால் அன்றே சான்று வாங்கிவிடுங்கள். ஓய்வின்போது அதிகபட்சம் 300 நாள் ஈட்டிய விடுப்பைப் பணமாக்கலாம். பழைய சான்றுகளைத் தேடி ஓடுவது பெரும்பாலும் அப்போதுதான். வார இறுதியிலும்கூட அனுமதியின்றித் தலைமையிடத்தை விட்டுப் போகக் கூடாது. சின்ன விஷயம் போலத் தெரியும், நடவடிக்கை வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

சொத்து வாங்குவது, விற்பது, கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் முதன்மை மாவட்ட நீதிபதி வழியே உயர் நீதிமன்றப் பதிவாளர் நாயகத்துக்கு எழுதுங்கள். பத்திரப்பதிவுக்குத் தேதி குறித்த பிறகு அனுமதி கேட்பது வழக்கமான தவறு. தீர்ப்பு நிலுவையும் பணி நிபந்தனைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 20 விதி 1-இன்படி வாதம் முடிந்த 30 நாளில், விதிவிலக்கான சூழலில் 60 நாளுக்குள் தீர்ப்புரைக்க வேண்டும். தீர்ப்புக்காக ஒதுக்கி வைத்த வழக்குகளின் பட்டியல் மந்தண அறிக்கையில் பேசும்.

ஓய்வு வயது 60. ஆனால் 58-க்கு முன் உயர் நீதிமன்றம் உங்கள் பணியை மதிப்பிட்டுத் தொடர அனுமதிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: உச்ச நீதிமன்றத்தின் 20.5.2025 தீர்ப்பின்படி வருங்காலத் தேர்வுகளுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் தொழில் கட்டாயம். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது கணக்கிடப்படும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும்.

சம்பளமோ படியோ கிடைக்காமல் இழுத்தடிக்கப்பட்டால், உடனே ரிட் மனு போட வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத்தின் 4.1.2024 உத்தரவின்படி ஒவ்வோர் உயர் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதித்துறையின் பணி நிபந்தனைகளுக்கான குழு இருக்க வேண்டும்: இரண்டு உயர் நீதிமன்ற நீதிபதிகள், சட்டச் செயலர், பதிவாளர் நாயகம், தொடர்பு அதிகாரியாக ஓய்வுபெற்ற ஒரு மாவட்ட நீதிபதி. மனுவில் எந்த உத்தரவு, எந்தத் தேதியிலிருந்து, மாதத்துக்கு எவ்வளவு குறைவு, இதுவரை யாருக்கு எழுதினீர்கள் என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் தாருங்கள். சம்பளப் பட்டியலையும் முந்தைய கடிதங்களின் நகல்களையும் இணைத்து, முதன்மை மாவட்ட நீதிபதி வழியாகவே அனுப்புங்கள்.