ஏற்றி இறக்கி ஓட்டும் எரிவாயு மின்நிலையங்கள்: புகைக் கட்டுப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவில் வெயில் காயும் மதிய நேரங்களில் சூரிய மின்சாரம் தேவைக்கு மேலேயே கிடைக்கும். பொழுது சாயும்போது அது மளமளவென்று இறங்கிவிடும். மக்கள் வீடு திரும்பி ஏசி போடுவதும் அதே நேரம்தான். அங்கே மின்தொகுப்பை நடத்தும் கைசோ அமைப்பு 2013-இல் இதை ஒரு வரைபடமாகப் போட்டது. கோடு வாத்து மாதிரி வளைந்திருந்ததால் ‘வாத்து வளைவு’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 2020 வாக்கில் மாலை மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 13,000 மெகாவாட் கூட்ட வேண்டிவரும் என்பது அந்தக் கணிப்பு. அந்தச் சுமையைத் தூக்க வேண்டியவற்றில் முக்கியமானவை கம்பைண்ட் சைக்கிள் எரிவாயு நிலையங்கள்.

இந்த நிலையங்களில் எரிவாயு டர்பைனிலிருந்து சுமார் 600 டிகிரி செல்சியஸில் வெளியேறும் புகை, ஒரு பாய்லருக்குள் போய் நீராவி உண்டாக்கும். அந்த நீராவியில் இன்னொரு டர்பைன் சுற்றும். நவீன நிலையங்கள் இப்படி 60 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் காட்டுகின்றன. ஆனால் பல நிலையங்கள் நாள்கணக்கில் முழு லோடில் ஓடுவதை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிகளும் பாய்லருக்குள்ளேயேதான் இருக்கின்றன. எல்லாம் சூடாகி ஒரு நிலைக்கு வந்தபின் வேலை செய்வதற்காக வைக்கப்பட்டவை அவை. மாலையில் ஸ்டார்ட் செய்து இரவில் நிறுத்துவதே வாடிக்கையாகிவிட்டால் பழைய கணக்குகள் பல பொய்யாகின்றன.

முழு லோடு எண்ணோடு கணக்கை முடித்துக்கொள்வது

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இதுதான். கலிபோர்னியாவில் புதிய கம்பைண்ட் சைக்கிள் நிலையங்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடில் வழக்கமாக விதிக்கப்படும் வரம்பு 2 பி.பி.எம், அதாவது புகையின் பத்து லட்சம் பங்கில் இரண்டு பங்கு. மிகக் கறாரான வரம்பு, சந்தேகமில்லை. ஆனால் அது நிலையாக ஓடும் நேரத்துக்கானது.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மெகாவாட் அளவுள்ள எரிவாயு டர்பைன் முழு லோடில் 2 பி.பி.எம் விட்டால் மணிக்கு 6 அல்லது 7 கிலோ நைட்ரஜன் ஆக்சைடு போகும். அதே டர்பைன் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில், பாதிக்கும் குறைவான எரிவாயுவை எரித்துக்கொண்டு, வினையூக்கி இன்னும் சூடாகாத நிலையில் 50 பி.பி.எம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோவைத் தாண்டிவிடும். அதாவது அந்த ஒரு மணி நேரம், நிலையாக ஓடும் ஒன்பது பத்து மணி நேரத்துக்குச் சமம். மாலையில் ஐந்து மணி நேரம் மட்டும் ஓடும் நிலையத்துக்கு, அன்றைய மாசில் பெரும்பங்கு ஸ்டார்ட்டிலேயே முடிந்துவிடுகிறது. கார்பன் மோனாக்சைடில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இன்னும் மோசம்.

அதனால்தான் கலிபோர்னியாவின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் மாவட்ட நிர்வாகங்கள் அனுமதிப் பத்திரத்தில் ஒரு ஸ்டார்ட்டுக்கு இத்தனை பவுண்டு எடை மாசு என்று தனியாக எழுதுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்சாலை உமிழ்வு ஆணை வேறு மாதிரி. எரிவாயு டர்பைன்களுக்கு அது தரும் அட்டவணை வரம்புகள் 70 சதவீத லோடுக்கு மேல் ஓடும்போது மட்டுமே பொருந்தும். அந்த வரம்பைக் காட்டி ஒரு நிலையம் தன்னைச் சுத்தம் என்று சொன்னால், 70-க்குக் கீழே எத்தனை மணி நேரம் ஓடினீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி.

மெதுவாக ஏற்றினால் எல்லாருக்கும் நல்லது என்று நம்புவது

இயந்திரத்தை நிதானமாகக் கையாள வேண்டும் என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் எரிவாயு டர்பைன் விஷயத்தில், குறைந்த லோடுதான் அழுக்கான லோடு. காரணம் எரியும் விதத்தில் இருக்கிறது. சுடர் 1,500 டிகிரியைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவது வேகமெடுக்கும். அதனால் இன்றைய டர்பைன்களில் எரிவாயுவை முன்கூட்டியே நிறையக் காற்றோடு கலந்து, சுடரைக் குளிர்ச்சியாக வைத்து எரிக்கிறார்கள். லோடு குறைந்தால் கலவை இன்னும் மெலிந்து சுடர் அணையப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த, கலக்காத எரிவாயுவைக் கொண்டு ஒரு பைலட் சுடர் கொடுக்க வேண்டும். பைலட் சுடர் சூடாக எரிந்து நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டுகிறது. மற்ற இடங்கள் குளிர்ந்து கார்பன் மோனாக்சைடை முழுதாக எரிக்காமல் விட்டுவிடுகின்றன. ஆக, ஒவ்வொரு டர்பைனுக்கும் வரம்புக்குள் ஓடக்கூடிய குறைந்தபட்ச லோடு ஒன்று உண்டு. பல மாடல்களில் அது 40, 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

டர்பைன் தன்னளவில் இந்த எல்லையைச் சில நிமிடங்களில் தாண்டக்கூடியது. தடுப்பது பின்னால் இருக்கும் பாய்லரும் நீராவி டர்பைனும். பாய்லரில் நீராவியைத் தண்ணீரிலிருந்து பிரிக்கும் உருளையான உயர் அழுத்த டிரம்மின் சுவர் கனமானது. திடீரென்று சூடாக்கினால் உள்ளும் புறமும் வெவ்வேறாக விரிந்து நாளடைவில் வெடிப்பு விடும். நீராவி டர்பைனின் ரோட்டாருக்கும் இதே கதைதான். பழைய முறையில், இவை சூடாகும்வரை எரிவாயு டர்பைனைக் குறைந்த லோடில் பிடித்து வைப்பார்கள், குளிர்ந்த நிலையிலிருந்து என்றால் மணிக்கணக்கில். மிக அழுக்கான இடத்தில் மிக நீண்ட நேரம்.

சரியான வழி இரண்டையும் பிரித்துவிடுவது. நீராவியை பைபாஸ் வழியாக நேரே, அதைக் குளிர வைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சருக்கு அனுப்பிவிட்டு, எரிவாயு டர்பைனை அதன் சுத்தமான லோடுக்கு ஏற்றிவிட வேண்டும். நீராவி டர்பைன் தன் வேகத்தில் பின்னால் வரட்டும். கலிபோர்னியாவின் லோடி எனர்ஜி சென்டர் 2012-இல் இந்த எண்ணத்தில்தான் வந்தது. அதன் பாய்லரில் கனமான உயர் அழுத்த டிரம்முக்குப் பதில், தண்ணீர் ஒரே ஓட்டத்தில் நீராவியாகும் குழாய் அமைப்பு வைத்தார்கள்.

பழைய நிலையத்தில் டிரம்மைக் கழற்ற முடியாது. ஆனால் சூட்டைக் காப்பாற்றலாம். நிறுத்தியவுடன் புகைபோக்கியின் டாம்பரை (அடைப்புத் தகட்டை) மூடுவது, சிறிய துணை பாய்லரால் நீராவி கொடுத்து வைப்பது ஆகியவை வழக்கத்தில் உள்ளவை. பலரும் விட்டுவிடும் இன்னொன்று, ஸ்டார்ட்டுக்கு முன் உள்ளே தங்கியிருக்கக்கூடிய எரிவாயுவை வெளியேற்றக் காற்று ஓட்டுவது. பாதுகாப்புக்கு அவசியம், ஆனால் சூடாக இருந்த குழாய்களையும் வினையூக்கியையும் அது குளிர வைத்துவிடும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ 85 விதி, தகுந்த வால்வு ஏற்பாடுகள் இருந்தால் நிறுத்தும்போதே இந்தச் சுத்திகரிப்பைச் செய்து அடுத்த ஸ்டார்ட்டுக்கு வரவு வைத்துக்கொள்ள 2011 பதிப்பில் இடம் கொடுத்தது. அந்த வசதியைச் செய்துகொள்ளாத நிலையங்கள் ஒவ்வொரு மாலையும் தங்கள் பாய்லரைத் தாங்களே குளிர வைத்துக்கொண்டிருக்கின்றன.

அமோனியாவைக் கண்மூடித்தனமாகக் கையாள்வது

டர்பைனிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடை 2 பி.பி.எம்முக்குக் கொண்டுவருவது எஸ்.சி.ஆர் எனும் அமைப்பு. புகையில் அமோனியாவைத் தெளித்து, வனேடியம்–டைட்டானியம் வினையூக்கியின் வழியாக அனுப்பினால் நைட்ரஜனும் தண்ணீரும் மிஞ்சும். வினையூக்கிக்கு ஏறக்குறைய 300 முதல் 400 டிகிரி வரை சூடு வேண்டும். அதற்கு முன்பே அமோனியாவைத் திறந்தால் அது வினைபுரியாமல் புகைபோக்கி வழியாகப் போகும், அல்லது உப்பாகப் படியும்.

இதற்குப் பயந்து பாய்லர் முழுக்க நிலைபெறும்வரை அமோனியாவைப் பூட்டியே வைப்பது எதிர்த்திசைத் தவறு. அமோனியாவை எப்போது திறப்பது என்பதைக் கடிகார நேரத்தைப் பார்க்காமல் வினையூக்கியின் உண்மையான சூட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அமோனியா தயாராக இருக்கிறதா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் பல நிலையங்கள் 19 சதவீத அமோனியாக் கரைசல் வாங்குகின்றன. 20 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் விபத்துத் தடுப்பு விதிகளின் காகித வேலை கூடும் என்பதால்தான் இந்த விசித்திரமான எண். அந்தக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர், ஆவியாக்க நிறைய வெப்பம் வேண்டும். சூடான புகையை மட்டும் நம்பிய ஆவியாக்கி, ஸ்டார்ட் நேரத்தில் வெறுமனே நிற்கும். மின் ஹீட்டர் இருந்தால் வினையூக்கி சூடாகும் அதே நிமிடத்தில் தெளிக்கத் தொடங்கலாம்.

அப்புறம் கட்டுப்பாடு. புகைபோக்கியில் அளந்த எண்ணை மட்டும் பார்த்து அமோனியாவைக் கூட்டிக் குறைப்பது நிலையான லோடில் போதும். லோடு ஏறும்போது போதாது. அளப்பதற்காக எடுத்த புகை குழாயில் பயணித்து கருவியில் எண்ணாகத் தெரிய ஓரிரு நிமிடம் ஆகலாம். நிமிடத்துக்கு 30 மெகாவாட் ஏறும் டர்பைன் அதற்குள் 60 மெகாவாட் ஏறியிருக்கும். போதாக்குறைக்கு வினையூக்கி கொஞ்சம் அமோனியாவைத் தன்னிடமே பிடித்து வைத்துப் பிறகு விடும். எரிவாயு ஓட்டத்தையும் லோடையும் வைத்து முன்கூட்டியே கணித்துத் தெளித்து, அளந்த எண்ணைத் திருத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே வழி.

தெளிக்கும் குழாய்களை முழு லோடில் மட்டும் சரிசெய்வதும் பரவலான தவறு. குறைந்த லோடில் புகை ஓடும் விதமே மாறும். ஒரு மூலையில் அமோனியா அதிகம், இன்னொரு மூலையில் போதவில்லை என்றால், சராசரியைச் சரிக்கட்ட ஆபரேட்டர் மொத்தத்தையும் கூட்டுவார். மிஞ்சிய அமோனியா வெளியே போகும். கலிபோர்னிய அனுமதிகளில் அதற்கும் வரம்பு உண்டு, பெரும்பாலும் 5 பி.பி.எம். லோடி இருக்கும் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் குளிர்கால நுண்துகள் மாசில் அமோனியம் நைட்ரேட்டுக்குப் பெரிய பங்கு என்பதால், இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

மஞ்சள் புகையைக் கருவிக் கோளாறு என்று நினைப்பது

ஸ்டார்ட் நேரத்தில் சில நிலையங்களின் புகைபோக்கியில் மஞ்சள் பழுப்பு நிறம் தெரியும். குறைந்த லோடில் நைட்ரஜன் ஆக்சைடின் கணிசமான பகுதி நைட்ரஜன் டை ஆக்சைடாக வருவதன் அடையாளம் அது. முன்னால் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வினையூக்கியும் அதைக் கூட்டக்கூடும். பாதிக்கு மேல் டை ஆக்சைடாக இருந்தால் எஸ்.சி.ஆரின் வேகமும் குறையும். அமோனியாவைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. அந்த லோடில் நிற்காமல் தாண்டிப் போவதுதான் மருந்து.

அளவுக் கருவி சொல்வதை அப்படியே நம்புவது

புகையில் கூடுதல் காற்று கலந்து எண்ணைக் குறைத்துக் காட்டாமல் இருக்க, பி.பி.எம் எண்ணை 15 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்துவார்கள். காற்றின் ஆக்சிஜன் அளவான 20.9-லிருந்து புகையில் அளந்த ஆக்சிஜனைக் கழித்து, 5.9-ஐ அதனால் வகுத்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். ஆக்சிஜன் 15 என்றால் பெருக்கல் எண் 1. 19 என்றால் 3.1. ஸ்டார்ட் நேரத்தில் 20.5-க்குப் போனால் கிட்டத்தட்ட 15. கருவியில் சின்னப் பிழை இருந்தாலும் திரையில் பூதமாகத் தெரியும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை டர்பைன்களுக்கு 19 சதவீதத்தை உச்சமாக வைத்துக் கணக்கிட அனுமதிப்பது இதற்காகத்தான். எதிர்ப்பக்கம், 0–10 பி.பி.எம் அளவுக்கு அமைத்த கருவி 80 பி.பி.எம்மைப் பார்க்கவே பார்க்காது. இரண்டு அளவு வரம்பு கொண்ட கருவி இல்லையென்றால், மிக முக்கியமான நேரத்தில் குருடாகத்தான் ஓட்டுகிறோம்.

நிறுத்தி வைக்கும் நேரத்தை மறப்பது

ஓடாத நேரத்திலும் கெடுதல் நடக்கிறது. ஈரம் பட்டு பாய்லர் குழாய்களின் வெளிப்புறம் துருப்பிடிக்கும். அடுத்த ஸ்டார்ட்டில் அது உதிர்ந்து வினையூக்கியின் துளைகளை அடைக்கும். பாய்லரின் குளிர்ந்த வால்பகுதிக் குழாய்களில், அமோனியாவும் எரிவாயுவிலுள்ள சொற்ப கந்தகமும் சேர்ந்த அமோனியம் பைசல்பேட் பிசுபிசுவென்று படிந்து புகையின் வழியை நெருக்கும். டர்பைனுக்குப் பின் அழுத்தம் மெல்ல ஏறுகிறதா என்று மாதாமாதம் பார்த்து வந்தால் இது முன்பே தெரியும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து, நிறுத்தவே வேண்டாம், குறைந்த லோடில் இரவெல்லாம் ஓட்டிவிடலாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. சில இரவுகளில் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு ஸ்டார்ட்டின் கிலோக் கணக்கையும், எட்டு மணி நேரக் குறைந்த லோடின் கிலோக் கணக்கையும், அந்த லோடில் ஒரு யூனிட்டுக்குக் கூடும் கார்பன் டை ஆக்சைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் எடுக்க வேண்டிய முடிவு அது. தயார்நிலைக்காக மட்டும் ஓட்டுகிறோம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. தெற்கு கலிபோர்னியாவின் நார்வாக்கில் 2017-இல் ஒரு எரிவாயு டர்பைனோடு 10 மெகாவாட் பாட்டரியைச் சேர்த்தார்கள். அது கம்பைண்ட் சைக்கிள் அல்ல, உச்சநேரத்துக்கான தனி டர்பைன். அழைப்பு வந்தவுடன் முதல் சில நிமிடங்களைப் பாட்டரி தாங்கும், டர்பைன் பின்னால் கிளம்பி வரும். அதுவரை ஒரு கன அடி எரிவாயு கூட எரிக்கத் தேவையில்லை.