செல்லக் கையை விடாமல் போக்கர் விளையாடுவது எப்படி

போக்கர் மேசையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு செல்லக் கை இருக்கும். நான் சொல்வது டெக்சஸ் ஹோல்டெம் போக்கர்: ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள், அதுதான் கை; பிறகு மேசை நடுவில் ஐந்து பொதுத் தாள்; எல்லாம் சேர்த்து ஆகச் சிறந்த ஐந்து தாள் வைத்திருப்பவருக்கு வெற்றி. வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டில் சனிக்கிழமை இரவு கூடுகிற கூட்டத்தையே எடுங்கள். மேல்மாடி அண்ணைக்குக் குயின்-7. என் மச்சானுக்கு 6-5, அதுவும் கறுப்பாக இருந்தால் ஆளைப் பிடிக்க ஏலாது. எனக்கு ஜாக்-9. இந்த ஆசைகளையெல்லாம் விட்டுவிட்டு வா என்றுதான் விளையாட்டைச் சொல்லித் தருகிறவர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிடித்த கை இல்லாத இரவில் சுவை குறைவு. ஆனால் அந்தக் கை எங்களிடம் என்ன விலை கேட்கிறது என்று தெரிந்துகொண்டு கொஞ்ச வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: சிப்ஸ் குவியலைக் கரைப்பது பெயர் சொல்லிக் கொஞ்சுகிற கை இல்லை, பெயரே வைக்காத பழக்கங்கள்தான்.

நாங்கள் காசு வைத்து விளையாடுவதில்லை. எல்லாருக்கும் சமமாக சிப்ஸ். முடிவில் ஆகக் குறைவாக வைத்திருக்கிற இரண்டு பேர் கொத்துரொட்டிக்குப் பொறுப்பு. நீங்களும் இப்படியே தொடங்குங்கள். பழக்கங்களைப் படிக்க இது போதும்.

ஜாக்-9 எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆட்கள் பலருக்கு அது அங்கிருந்துதான் வந்திருக்கிறது. முந்நூற்றி நாலு என்கிற தாள் விளையாட்டு. 7 முதல் ஏஸ் வரை 32 தாள். அதில் ஜாக்குக்கு 30, 9க்கு 20, ஏஸுக்கு 11, 10க்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2, 8க்கும் 7க்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் 304. சின்ன வயதில் இருந்து ஜாக்கும் 9உம் கையில் வந்தால் துரும்பு சொல்லிப் பழகியவனுக்கு, போக்கரில் அதே இரண்டு தாளைத் தூக்கிப் பார்க்கும்போது நெஞ்சு குதிக்கத்தான் செய்யும். போக்கரில் அந்த 9க்கு 9 என்ற மதிப்பு மட்டும்தான். உங்கள் செல்லக் கையும் எங்கிருந்தோ வந்திருக்கும்: பிறந்த திகதி, வீட்டு இலக்கம், எப்போதோ வென்ற ஒரு பெரிய பொட் (எல்லாரும் நடுவில் போட்ட சிப்ஸ்). எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள். அதுதான் முதல் வேலை.

அடுத்தது விலை. 52 தாளில் இரண்டு தாளை 1,326 விதமாக எடுக்கலாம். அதில் ஜாக்-9 16 விதம். சூட்டட், அதாவது இரண்டும் ஒரே சாதி, 4; மற்றது 12. அதாவது சராசரியாக 83 கைக்கு ஒரு தடவை. வீட்டு மேசையில் மணிக்கு 25 கை போட்டால் நல்ல வேகம். நாலு மணித்தியாலம் இருந்தால் செல்லக் கை ஒரு தடவை வரும், சில இரவு வராமலே போகும். ஒரு தடவை வருகிற விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்தால் யாரும் ஏழையாவதில்லை. செல்லக் கை மூன்றாகவும் நாலாகவும் பெருகும்போதுதான் பிரச்சினை. ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடி அண்ணை ஒரு நாள் கிங்-4ஐயும் சேர்க்கப் பார்த்தார். "அண்ணை, ஒண்டுதான்" என்று மேசையே சேர்ந்து சொன்னது.

அந்த ஒன்றை எப்படி விளையாடுவது? ஜாக்-9ஐ வைத்தே சொல்கிறேன். சூட்டட் என்றால் பட்டனிலோ (தாள் போடுகிறவரின் இருக்கை) அதற்கு முந்திய இருக்கையிலோ, முன்னால் யாரும் ரெய்ஸ் பண்ணாதபோது, அதாவது பெட்டைக் கூட்டாதபோது, இறங்கலாம். சூட்டட் இல்லை என்றால் பட்டனில் மட்டும், அல்லது பெரிய பிளைண்டில் (தாள் பார்க்குமுன்பே கட்டாயமாகச் சிப்ஸ் போடுகிற இருக்கை) சும்மா பார்க்கக் கிடைத்தால். முன்னால் ஒருவர் ரெய்ஸ் பண்ணிவிட்டால் கையை விட்டுவிடுங்கள். அவர் கையில் இருக்கக்கூடிய ஏஸ்-ஜாக், கிங்-ஜாக், குயின்-ஜாக் எல்லாம் உங்கள் ஜாக்கைத் தின்றுவிடும். ஏஸ்-ஜாக்கோடு முட்டினால் உங்களுக்கு நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு.

ஃப்ளொப், அதாவது முதல் மூன்று பொதுத் தாள், வந்த பிறகுதான் ஆசை கண்ணை மறைக்கும். மூன்று தடவையில் ஒரு தடவைதான் ஒரு சோடியாவது கிடைக்கும். இரண்டு தாளும் சோடியாவது 49க்கு ஒன்று. கிடைக்காதபோது ஒரு பெட் வந்தால் விடுங்கள்.

ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து தாள்) பக்கம் கவனமாகப் பாருங்கள், ஜாக்-9இன் அழகும் ஆபத்தும் அங்கேதான். ஃப்ளொப்பில் 10உம் 8உம் இருந்தால் குயின் நாலும் 7 நாலும், எட்டுத் தாள் உங்களுக்கு உதவும். இரண்டில் எது விழுந்தாலும் உங்களுடையதுதான் ஆகப் பெரிய ஸ்ட்ரெயிட். ரிவர், அதாவது ஐந்தாவது பொதுத் தாள், வரை பார்த்தால் கிட்டத்தட்ட நூற்றுக்கு 31. ஆனால் ஃப்ளொப்பில் குயினும் 10உம் இருந்தால் கதை வேறு. அங்கேயும் எட்டுத் தாள்தான், 8 நாலு, கிங் நாலு. 8 விழுந்தால் நல்லது. கிங் விழுந்தால் உங்களுக்கு 9 முதல் கிங் வரை ஸ்ட்ரெயிட். ஏஸ்-ஜாக் வைத்திருக்கிறவருக்கு 10 முதல் ஏஸ் வரை. எங்கள் மேசையில் இப்படி ஒரு கிங் டேர்னில், அதாவது நாலாவது பொதுத் தாளாக, விழுந்தது. என் மச்சான் பிளேன்டீக் கோப்பையை மெதுவாக ஓரமாக நகர்த்திவிட்டு, சிப்ஸை இரண்டு கையாலும் தள்ளினான். தேத்தண்ணிக்கு இடம் ஒதுக்குகிற மனுசன் பெரிதாக ஏதோ வைத்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். ஜாக்-9ஐக் குப்புற வைத்துவிட்டேன். பிறகு அவன் காட்டியது ஏஸ்-ஜாக். உங்கள் செல்லக் கைக்கும் இப்படி ஒரு பொறி இருக்கும். வீட்டில் ஒரு கட்டுத் தாளை எடுத்து, எந்த ஃப்ளொப்பில் அது வெல்லும், எதில் வென்றது போலத் தெரிந்து தோற்கும் என்று பரப்பிப் பாருங்கள்.

செல்லக் கைக்கு ஆதாரமாக எல்லாரும் அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் டொயில் பிரன்சனின் 10-2ஐக் கொண்டுவருவார்கள். 1976இலும் 1977இலும் லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியை அவர் வென்றபோது, இரண்டு வருடமும் கடைசிக் கை 10-2தான், இரண்டிலும் ஃபுல் ஹவுஸ் (ஒரே மதிப்பில் மூன்று தாளும் ஒரு சோடியும்). உண்மை. ஆனால் அந்த இரண்டு கையிலும் ஃப்ளொப்பில் எதிராளிக்கு ஏற்கெனவே இரண்டு சோடி இருந்தது. டேர்னில் ஒரு 2, ரிவரில் ஒரு 10 விழுந்துதான் பிரன்சன் தப்பினார். அந்தக் கைக்கு அவர் பெயர் வந்தது நியாயம். அதைப் பார்த்து நாங்கள் ஒவ்வொரு 10-2க்கும் கோல் பண்ணுவது (எதிராளி போட்ட அளவைப் போட்டுத் தொடர்வது) நியாயமில்லை.

இனிப் பெயரில்லாத பழக்கங்கள். ஏஸ் ஒன்று கண்டால் எந்தத் தாளோடும் இறங்குவது முதலாவது. குறைந்தது ஒரு ஏஸாவது வருவது நூற்றுக்கு 15 கையில். செல்லக் கை ஒரு இரவுக்கு ஒன்று, இது பதினைந்து. "சூட்டட்தானே" என்று இறங்குவது இன்னும் மோசம், நூற்றுக்கு இருபத்துமூன்று கைக்கு மேல் சூட்டட். ஃப்ளொப்பிலேயே ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சாதி) கிடைப்பது 118க்கு ஒன்று. ஒரே சாதி என்பதால் ஒரு கைக்குக் கூடுகிற பலம் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். இந்த இரண்டையும் நிறுத்தினால் உங்கள் ஜாக்-9க்கோ குயின்-7க்கோ தேவையான செலவு அங்கேயே மிச்சம்.

மற்றது, "நான் விட்டது வந்திருக்குமே" என்கிற பழக்கம். 9-4ஐ ஃபோல்ட் பண்ணுவீர்கள், அதாவது விட்டுவிடுவீர்கள், ஃப்ளொப்பில் 9-9-4 விழும். பக்கத்தில் இருக்கிற தம்பி "ஐயோ அண்ணை!" என்று தலையில் கை வைப்பான். அடுத்த 9-4க்கு நீங்கள் இறங்குவீர்கள். விட்ட கை வராமல் போன நூறு தடவையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. எங்கள் மேசையில் இதற்கு ஒரு சட்டம்: ஃபோல்ட் பண்ணிய தாளைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கை நடக்கும்போது மற்றவர்களுக்கு அது துப்பாகவும் போய்விடும் என்பதால், இந்தச் சட்டம் எந்த மேசைக்கும் நல்லது. தோற்ற கைக்கு அடுத்த கையிலேயே விட்டதைப் பிடிக்கப் போகிறவரும் இதே வருத்தக்காரர்தான். அவர் ஒரு கை வெளியில் இருந்து, எழும்பிப் போய் மரின் டிரைவ் பக்கத்து யன்னலில் காற்று வாங்கட்டும்.

சடங்குகள் வேறு சாதி. அவற்றில் பல கெடுதல் இல்லை, சில உதவியும் செய்யும். தாள்கட்டை மாற்றச் சொல்வது, இடது கையால் வெட்டுவது, இதெல்லாம் தாள் விழுகிற விதத்தை ஒன்றும் செய்யாது, ஆசைப்படுகிறவருக்கு விட்டுவிடுங்கள். ராசியான கதிரை கேட்கிறவர், ராசியைக் கேட்காமல் மனிதரைப் பார்த்துக் கேட்கட்டும். அடிக்கடி ரெய்ஸ் பண்ணுகிறவர் உங்கள் வலப்பக்கத்தில் இருந்தால் அவர் செய்ததைப் பார்த்துவிட்டு நீங்கள் செய்யலாம். எனக்கு என் மச்சானின் இடப்பக்கக் கதிரைதான் ராசி. கசினோவில் பக்கரா விளையாடுகிறவர்களைப் போலத் தாளை ஓரம் ஓரமாக உரித்துப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடச் சொல்வேன், உரிக்கும்போது முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எனக்கு ஆகப் பிடித்த சடங்கு கைவிசேடக் காசு. சித்திரைப் புத்தாண்டுக்கு மாமா தருகிற நாணயத்தை வருடம் முழுக்கத் தாளின் மேல் வைக்கிறேன். அதிர்ஷ்டத்துக்கு என்றுதான் தொடங்கினேன்; இப்போதும் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதோடு ஒரு விதியும் சேர்த்திருக்கிறேன்: கோலோ ரெய்ஸோ சொல்வதற்கு முன் காசைத் தொட்டு, பொட்டில் எவ்வளவு இருக்கிறது, நான் எவ்வளவு போட வேண்டும் என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். அவசரக் கோல்கள் பாதி அதிலேயே நிற்கும்.

கொத்துரொட்டி வரும்வரை இருக்கிற நேரத்தில் கைபேசியில் மூன்று விஷயம் குறித்து வையுங்கள். செல்லக் கை வந்ததா, எந்த இருக்கையில், எத்தனை சிப்ஸ் போனது அல்லது வந்தது. கீழே, வேறு எந்தக் கைக்கு மனம் இழுத்தது என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியில் ஒரே கை திரும்பத் திரும்ப வந்தால், உங்களுக்கு இரண்டாவது செல்லம் பிறந்துவிட்டது. இரண்டில் எது மேசையில் இருக்கப் போகிறது என்று அடுத்த சனிக்கிழமை தாள் போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.