பள்ளம் யாருடைய ரோட்டில் இருக்கிறது?

என் மளிகைக் கடைக்கு எதிரே, பஸ் போகிற ரோட்டில் ஒரு பள்ளம். மழைத்தண்ணீர் நின்றால் பள்ளம் இருப்பதே தெரியாது. ஐப்பசியில் ஒருநாள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த பெண்பிள்ளை அதில் விழுந்தாள். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளித்தான் நின்றது. அன்றிரவே மனு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, மனு கொடுத்த ஆபீஸில் "இது எங்க ரோடு இல்லைங்க" என்றார்கள்.

அதனால் முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். மைல்கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033க்குக் கூப்பிடுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. 2023இல் வந்த ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு போடலாம். ஊருக்குள் கல் இல்லாத ரோடு பெரும்பாலும் உள்ளாட்சியுடையது. ஆனால் ஊருக்குள்ளேயே நெடுஞ்சாலைத் துறை ரோடும் உண்டு, கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913.

படம் இரண்டு வேண்டும். விடிகாலையில், வண்டி வராமல் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பள்ளத்துக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிற்க வைத்து எடுத்தேன். ஆழம் பார்த்ததுமே புரிந்துவிடும். இன்னொன்றில் கடைப் பலகையும் மின்கம்பமும் தெரியட்டும். கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண்ணை மனுவிலும் எழுதுங்கள். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

வேலையே நடக்காமல் ‘முடிக்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி: கடைசியாக எப்போது ரோடு போட்டார்கள், ஒப்பந்தக்காரரின் பராமரிப்புப் பொறுப்பு எந்தத் தேதிவரை? 30 நாளில் பதில் தர வேண்டும். தேதி மிச்சமிருந்தால் செலவு அவருடையது.

சரிசெய்ய வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்களுக்கு முதல் தடவை ஈரத்திலேயே ஜல்லியும் மண்ணும் கொட்டினார்கள், நான்கே நாளில் பஸ் டயர் வாரிக்கொண்டு போய்விட்டது. ஓரங்களைச் சதுரமாக வெட்டி, ஈரமும் மண்ணும் இல்லாமல் கூட்டி, தார் பூசி, சூடான கலவை நிரப்பி ரோலர் ஓட்டினால்தான் நிற்கும்.

மழையில்லாத நாளிலும் பள்ளம் ஈரமாக இருக்கிறதா? அடியில் குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பள்ளத்தில் அதுதான் நடந்தது. குழாயை மாற்றிய பிறகு போட்ட ஒட்டு இரண்டு மழைக்காலம் தாண்டியும் அப்படியே கிடக்கிறது.